அக்கா வீட்டு விசேஷம்

இடது கை ஆள்காட்டி விரல். அதைச் சுற்றிப் பழைய நூல் சேலையிலிருந்து கிழித்த ஒரு துண்டு. மஞ்சள் தூளும் ரத்தமும் சேர்ந்து காய்ந்து துணி விறைத்துப் போயிருந்தது. அந்த விரலை மட்டும் தனியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் என் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார் அக்கா. ஒரு திங்கட்கிழமை காலை. கால்நடை மருந்தகத்தின் கேட்டுக்கு வெளியே ஏழெட்டு ஆடும் இரண்டு மாடும் காத்திருந்தன. வராந்தாக் குழாயில் அக்கா வைத்த வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்திருந்தேன்.

“என்னக்கா விரல்ல?”

“ஒண்ணுமில்ல சாமி. சின்ன வெட்டு.”

“எதால வெட்டுச்சு?”

“அருவாமனைதான். வேற எது?”

பிடித்து உட்கார வைத்துத் துணியைப் பிரித்தேன். சின்ன வெட்டா அது! முதல் கணுவுக்குக் கீழே நல்ல ஆழம். முந்தின நாள் பட்டது. ஓரங்கள் வெளுத்து ஒட்டத் தொடங்கியிருந்தன. பஞ்சில் மருந்தைத் தொட்டு ஒற்றினேன், களிம்பு தடவினேன், புதுக் காஸ் துணியை வைத்து இறுக்கிக் கட்டினேன். வருஷக்கணக்காக மாட்டுக் காலுக்கும் ஆட்டுக் கொம்புக்கும் கட்டுப் போட்ட கை. கட்டு பார்க்க அழகாகவே இருந்தது. “மாட்டு மருந்தப் போட்டுட்டீங்களே சாமி, ராத்திரி நான் அம்மான்னு கத்துனா எம்புள்ள பயந்துக்குவானே” என்று அக்கா சிரித்தார். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டே, போகிற போக்கில் சொன்னார்: “நேத்து வீட்ல விசேஷம் சாமி. அதான் பட்டுடுச்சு.”

“சரி சரி” என்றேன். வெளியே ஒரு மாடு கத்தியது. அதைப் பார்க்கப் போய்விட்டேன்.

அக்காவுக்கு சர்க்கார் ரிஜிஸ்தரில் பகுதி நேரத் துப்புரவுப் பணியாளர் என்று பெயர். திருவெள்ளறையைத் தாண்டி உள்ளே தள்ளியிருந்த அந்த இரண்டு அறை மருந்தகத்தை உண்மையில் நடத்தியது அவர்தான். எந்தத் தெரு மாடு எப்போது சினை பிடித்தது, எந்த ஆட்டுக்காரர் பூச்சி மருந்தை வாங்கிப் போய் ஆட்டுக்குக் கொடுக்காமல் பரணில் வைத்திருக்கிறார், எல்லாம் அவருக்கு மனப்பாடம். முட்டுகிற மாட்டைக் கழுத்தைத் தடவி, “என்னடி, டாக்டரைப் பாத்தா அவ்ளோ இளக்காரமா?” என்று கேட்டு இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்திவிடுவார். மெத்தப் படித்த நான் ஊசியோடு பின்னால் நிற்பேன். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் திருவெறும்பூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வருவான்.

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். கோயிலைச் சுற்றியே பிறந்து வளர்ந்த குடும்பம். எங்கள் வீட்டில் சமையல் என்று சொல்ல மாட்டோம், தளிகை என்போம். சமையலறை தளிகை உள். ரசம் சாத்தமுது. பாயசம் திருக்கண்ணமுது. இதையெல்லாம் ஒருநாள் பேச்சுவாக்கில் அக்காவிடம் உளறிவிட்டேன். அன்று முழுக்கச் சிரித்தார். வருகிற ஆட்டுக்காரர்களிடமெல்லாம், “சாமி வீட்ல ரசத்துக்குக்கூடப் பட்டப்பேரு வச்சிருக்காங்க, தெரியுமா?” என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். எனக்குக் கோபம் வரவில்லை. வாய்த் துடுக்கில் நானும் அவருக்குக் குறைந்தவன் இல்லை.

ஆனால் அவரும் எனக்காக ஒரு சொல் வைத்திருந்தார். அந்தப் பக்கத்தில் கறி, மீன், முட்டை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கவிச்சி என்று சொல்வார்கள். சாமி முன்னால் கவிச்சிப் பேச்சு ஆகாது என்பது அக்கா போட்டுக்கொண்ட சட்டம். நான் அங்கே போன புதிதில் ஒரு திங்கட்கிழமை, “நேத்து வீட்ல விசேஷம் சாமி” என்றார். “அப்படியா, யாருக்குக் கல்யாணம்?” என்று கேட்டேன். வாசலில் நின்ற ஆட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “சார், அவங்க வீட்ல கறி எடுத்தாங்களாம். அதைத்தான் உங்க காதுக்கு இதமாச் சொல்றாங்க” என்றார். அக்கா துடைப்பத்தைக் காட்டி அவரை விரட்டினார். அன்றிலிருந்து விசேஷம் என்றால் கறி என்று எனக்குத் தெரியும். கோழி என்றால் சின்ன விசேஷம்.

விசேஷத்துக்கு மறுநாள் அக்கா என் தம்ளரைத் தொட மாட்டார். டீக்கடைக்காரரே கொண்டு வந்து ஊற்றிவிட்டுப் போவார். என் டிபன் பாக்ஸ் இருக்கும் தட்டில் தன் சோற்றுத் தூக்கை ஒருநாளும் வைத்ததில்லை. இத்தனைக்கும் நான் கறி பார்க்கிற ஆள். திருச்சி டவுனில் இருந்தபோது ஆடு அறுக்கும் கூடத்தில் விடியற்காலையில் நின்று, ஈரலைத் திருப்பிப் பார்த்து, தொடையில் ஊதா முத்திரை குத்தியவன். எந்தக் கறி மனிதன் தின்னத் தக்கது என்று சொல்ல சர்க்கார் எனக்குச் சம்பளம் கொடுத்தது. “எதுக்குக்கா இதெல்லாம்? தாராளமாப் பேசுங்க, தாராளமா வைங்க” என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அது சௌகரியமாக இருந்தது. மரியாதை என்று நினைத்து வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கே வருகிறேன். மத்தியானம் கூட்டம் கலைந்த பிறகு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் நடுவயதுக்காரர், அக்காவின் ஊரான பக்கத்துச் சிற்றூரில் சோளம் போட்டிருந்தவர். இன்னொருவன் அவருடைய தம்பி. கையில் மாடும் இல்லை, ஆடும் இல்லை. ஒரு வாழையிலைப் பொட்டலம் இருந்தது. அண்ணன்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: “சார், அடிபட்ட ஆட்டுக் கறி திங்கலாங்களா?”

உறை மாட்டிக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்தேன். ஆடாவது கோழியாவது! கருஞ்சிவப்புக் கறி, பேருக்குக்கூடக் கொழுப்பு இல்லை, இழை நெருக்கமாக இருந்தது. ஓரத்தில் செம்பழுப்பு நிறத்தில் நாலைந்து விறைப்பான மயிர் ஒட்டியிருந்தது.

“இந்த ஆட்டுக்கு உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி இருந்துச்சா?” என்றேன்.

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கோடையில் தண்ணீர் தேடிப் பச்சைமலைப் பக்கத்திலிருந்து புள்ளிமான்கள் வயல்காட்டுக்கு இறங்கிவிடும். அடிபட்டுக் கிடந்தாலும் சரி, செத்துக் கிடந்தாலும் சரி, வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். கை வைத்தால் ஜெயில். அது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் மான் ஆடாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை சோளக்காட்டு வேலிக் கம்பியில் மாட்டிப் பின்னங்கால் கிழிந்து நின்றதாம். எப்படியும் சாகப் போகிறது என்று நாலு பேர் சேர்ந்து அறுத்துக் கூறு போட்டுவிட்டார்கள். பாதி தின்றாகிவிட்டது. மீதியை உப்புக்கண்டம் போட எடுத்தபோது தொடைக் கறியின் வாடை பிடிக்கவில்லை. அதுதான் வந்திருக்கிறார்கள்.

கறியை விரலால் அழுத்திப் பார்த்தேன். பிசுபிசுவென்று ஒட்டியது. ரத்தம் சரியாக வடியாத கறி. காய்ச்சலோடு நின்ற மிருகத்தை அறுத்தால் அப்படித்தான் இருக்கும். சீழ் வைத்திருந்ததா, காயத்தைச் சுற்றி வீங்கியிருந்ததா என்று கேட்டேன். இல்லை, புதுக் காயம்தான் என்றார்கள். புதுக் காயத்துக்கு அதற்குள் காய்ச்சல் எங்கிருந்து வந்தது? எனக்கு ஏதோ உறுத்தியது.

“ஆளக் கண்டா மான் நிக்காதே. இது ஏன் நின்னுச்சு?”

“அதான் கால் அடிபட்டுடுச்சுல்ல சார்.”

“அடிபட்டதால ஓடலையா, ஓடாததால அடிபட்டுச்சா?”

அண்ணன் திருதிருவென்று முழித்தார். தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு போனை எடுத்தான். வீடியோ பிடித்து வைத்திருந்தான். புள்ளிமான் ஒன்று வேலிக் கம்பியைத் தலையால் முட்டியது. பின்னால் வந்தது, மறுபடி முட்டியது. பின்னங்கால் இரண்டும் துவண்டன; கம்பி கிழித்தது ஒரு காலைத்தான். வாயிலிருந்து எச்சில் கயிறாகத் தொங்கியது. ஒரு கரகரத்த சத்தம் போட்டது, மானுக்கு அப்படிச் சத்தமே கிடையாது. யாரோ சிரிக்கிற குரல் கேட்டது. யாரோ ஒரு பிளாஸ்டிக் பேசினில் தண்ணீரை அதன் முன்னால் தள்ளினார்கள். மான் ஆவலாக மூக்கை உள்ளே விட்டது. உறிஞ்சிய தண்ணீர் அப்படியே வாயோரத்தில் திரும்பி வழிந்தது. தொண்டை இறங்கவில்லை.

வீடியோவை மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு மாதம் முன்னால் அதே சிற்றூரில் ஒரு வெறிநாய் ஆட்டைக் கடித்து, அந்த ஆடு இப்படித்தான் முட்டி, இப்படித்தான் எச்சில் வடித்து என் கண் முன்னால் செத்தது. அந்த நாய் ஆட்டை மட்டும்தான் கடித்தது என்று யார் கண்டார்கள்? காயத்தினால் மானுக்கு இந்தக் கதி வரவில்லை. வெறிநோய் வந்து, கண் மண் தெரியாமல் முட்டி, அதனால் வந்த காயம் அது. எல்லோரும் காயத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

“தலை எங்க?” என்றேன். நோய் நிச்சயந்தானா என்று பார்க்க மூளையைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். தம்பி வாயைத் திறந்தான்: “தலை வந்து...” அண்ணன் முந்திக்கொண்டார்: “அது போயிடுச்சு சார்.” குப்பையில் போய்விட்டது, நாய் நரி கொண்டுபோய்விட்டது என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன். யாரிடம் போயிற்று என்று கேட்கவில்லை. அக்கா வராந்தாவில் பெருக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

மிச்சக் கறியைச் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைக்கச் சொன்னேன். தின்றவர்களுக்கு அவ்வளவு பயமில்லை, வெந்த சூட்டில் கிருமி செத்திருக்கும். பச்சைக் கறியில் கை வைத்தவனுக்குத்தான் ஆபத்து. நகக்கண்ணில் சின்னக் கீறல் போதும். ஊசியை உடனே போட்டுக்கொண்டால் பிழைக்கலாம். நோய் கிளம்பிவிட்டால் எந்த டாக்டராலும் ஒன்றும் பண்ண முடியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான். கேட்டது மட்டும் வேறு மாதிரி கேட்டேன்.

“யாரு அறுத்தது?”

அண்ணன் பொட்டலத்தை மடிக்கத் தொடங்கினார். என் கேள்வி அவர்கள் காதில் போலீஸ் கேள்வியாக விழுந்தது. “யோவ், நான் போலீசும் இல்ல, ஃபாரஸ்டும் இல்ல. அறுத்தவங்க ஊசி போட்டுக்கலைன்னா செத்துப் போயிடுவீங்கய்யா!” என்று கத்தினேன். பிறகு குரலைத் தாழ்த்தி வழியும் சொல்லிக் கொடுத்தேன்: “ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் நாய் கடிச்சிடுச்சுன்னு சொல்லுங்க. எந்த நாய்னு கேட்டா ஓடிப் போச்சுன்னு சொல்லுங்க.” அண்ணன்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கழுத்தை அறுத்தவர், காலைப் பிடித்தவர், தோலை உரித்த இருவர், மொத்தம் நாலு பேர். அன்று சாயந்திரமே நாலு பேரும் போய் முதல் ஊசி போட்டுக்கொண்டு எனக்குப் போன் செய்தார்கள். வனத்துறைக்கு நான் தகவல் சொல்லவில்லை. தப்புதான். நாலு உயிரைக் காப்பாற்றிய தப்பு என்று எனக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

மருந்தகத்தைப் பூட்டும்போது அக்கா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

“சாமி, அந்த இதை வேக வச்சுத் தின்னவங்களுக்கு ஒண்ணும் பண்ணாதுல்ல?”

“வெந்துட்டா ஒண்ணும் பண்ணாதுக்கா. அறுத்தவங்களுக்குத்தான் பயம். அவங்களுக்கு ஊசி போட்டாச்சு.”

“அப்பாடா. நல்லவேளை” என்றார். முகம் தெளிந்துவிட்டது. ஊர்க்கவலை என்று நினைத்துக்கொண்டேன். காலையில் நான் போட்ட கட்டு அவர் விரலில் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதையும் பார்த்தேன். ஸ்கூட்டரைக் கிளப்பினேன். கொள்ளிடம் பாலத்தில் வரும்போது நல்ல காற்று. மறுநாளிலிருந்து நாலு பேரின் ஊசித் தேதியை நானே ஞாபகம் வைத்துப் போன் போட்டு விரட்டினேன். நான் எவ்வளவு பொறுப்பானவன், பாருங்கள்!

அந்தப் பக்கத்தில் அறுப்பது ஆண்களின் வேலை. கழுத்தில் கத்தி வைப்பது, தோலை உரிப்பது, கூறு போடுவது வரை அவர்கள். அதோடு அவர்கள் கை கழுவிவிடுவார்கள். தலை கூறில் சேராது. அதை வைக்கோல் நெருப்பில் வாட்டி, மயிரைச் சுரண்டி, நாக்கை எடுத்து, மண்டையைப் பிளந்து மூளையை நசுங்காமல் வழித்தெடுப்பது பெண்களின் வேலை. அதற்கு அறுப்பது என்று பெயர் கிடையாது. சுத்தம் பண்ணுவது என்று பெயர். அடுப்படி வரை வந்த கறியை ஒருநாளும் பார்க்காதவன் நான். யார் அறுத்தது என்று கேட்டேன், அறுத்தவர்கள் வந்தார்கள். யாரெல்லாம் கை வைத்தார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். வெறிநோயில் மூளையைவிட விஷமான இடம் உடம்பில் வேறு இல்லை. அது மட்டும் எனக்குப் பாடமாகத் தெரியும்.

வெட்டு ஆறிவிட்டது. கட்டைப் பிரித்துவிட்டு அக்கா வழக்கம்போல வேலை செய்தார். ஆறு ஏழு வாரம் போயிருக்கும். ஒருநாள் அந்த விரலைச் சேலையில் தேய்த்துக்கொண்டே இருந்தார். “எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு சாமி, உள்ளுக்குள்ளாற” என்றார். “நரம்பு கூடுதுக்கா, சரியாயிடும்” என்று சொன்னேன். தலை நிமிராமல், ரிஜிஸ்தர் எழுதிக்கொண்டே சொன்னேன். அடுத்த இரண்டு நாள் அவர் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மூன்றாம் நாள் காலையில் நான் வீட்டை விட்டுக் கிளம்புமுன் மகன் போன் செய்தான்.

“சார், அம்மா தண்ணி குடிக்க மாட்டேங்குது. டம்ளரைக் கண்டாலே தொண்டையப் புடிச்சுக்குது. ஃபேன் போட்டா கத்துது. உங்களப் பாக்கணும்னு சொல்லுது சார்.”

அந்த வினாடியில்தான் விரல், விசேஷம், திங்கட்கிழமை, போய்விட்ட தலை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஐயோ, இத்தனை நாள் என் கண் முன்னாலேயே இருந்ததே!

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தனை வருஷத்தில் அந்த வீட்டுக்குள் நான் நுழைந்தது அன்றுதான். ஜன்னலைச் சாத்தி, மூலையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். வாயோரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். புத்தி தெளிவாக இருந்தது. அதுதான் அந்த நோயின் கொடுமை. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

“நீங்க எதுக்கு சாமி உள்ளாற வந்துக்கிட்டு. வீடெல்லாம் கவிச்சி நாத்தம்.”

“அக்கா, அந்த மான் தலை...”

“எங்கிட்டதான் சாமி குடுத்தாங்க. ஊருல தலைன்னா எங்கிட்டதான் வரும்.” மூச்சு வாங்கி மூச்சு வாங்கிப் பேசினார். “நாக்கச் சீவறப்ப அருவாமனை பட்டுடுச்சு. துணியச் சுத்திக்கிட்டு அதோடயே மூளைய வழிச்சேன். பாவம் சாமி அந்த மானு, நான்தான் அதுக்குத் தண்ணி வச்சேன். குடிக்கவே முடியல.”

“ஏன்க்கா எங்கிட்ட சொல்லல? ஊசி போடணும்னு நான் கத்துனப்ப நீங்க வெளியிலதானே நின்னீங்க?”

“அறுத்தவங்கன்னு சொன்னீங்க. நான் அறுக்கலையே, சுத்தந்தானே பண்ணேன்.” புரியாத முகத்தோடு என்னைப் பார்த்தார். “சொன்னேனே சாமி. அன்னிக்குக் காலையிலயே சொன்னேனே. வீட்ல விசேஷம்னு.”

சொல்லியிருந்தார். எனக்காக வைத்திருந்த சொல்லில், என் காதுக்கு இதமாகச் சொல்லியிருந்தார். தலைக்கறி, மூளை என்று என் முன்னால் வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தை இத்தனை வருஷம் வளர்த்தவன் நான்.

ஆம்புலன்ஸில் நானும் ஏறிக்கொண்டேன். கொள்ளிடம் பாலத்தில் கண்ணாடி இடுக்கு வழியாக வந்த காற்றுக்கே உடம்பைச் சுருட்டிக்கொண்டு துடித்தார். மகன் தன் சட்டையைக் கழற்றி அந்த இடுக்கை அடைத்தான். டவுன் பெரியாஸ்பத்திரியில் தனி அறை கொடுத்தார்கள், வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுத்தார்கள், அவர்களால் முடிந்ததைச் செய்தார்கள். மகனுக்கும், அவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும் ஊசி போட்டார்கள். எனக்கும் போட்டார்கள். மூன்றாம் நாள் அக்கா போய்விட்டார்.

சாவு வீட்டில் பெண்கள் அழுதுகொண்டே, “தலைய வாங்குனா அதோட கண்ணு பாக்குற மாதிரி சுத்தம் பண்ணித் தருவாளே, இனிமே யாருகிட்ட குடுப்பேன்” என்று ஒப்பாரி வைத்தார்கள். ஊருக்கே தெரிந்த அவருடைய கைப்பக்குவம். எனக்கு மட்டும் அத்தனை வருஷமும் தெரியாது. சோளக்காட்டுத் தம்பி என்னைத் தனியாக அழைத்துப் போய் விம்மினான். தலை அக்காவிடம் போயிற்று என்று அன்றைக்கே சொல்ல வந்தானாம். ஜன்னலுக்கு வெளியே நின்ற அக்கா, சாமிகிட்ட சொல்லாதே என்று கையாட்டினாராம். அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஊசி போட்டுக்கொண்ட நாலு பேரும்தான் பாடையைத் தூக்கினார்கள்.

மகன் என்னிடம் சொன்னதுதான் இன்றுவரை என்னைத் தின்கிறது. காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் மருந்தகத்துக்கு வந்து, அக்காவின் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சொன்னான்: “அம்மாவுக்கு உங்க மேல ரொம்பப் பிரியம் சார். விரல்ல வெட்டுப்பட்டப்ப நீங்களே கட்டுப் போட்டு விட்டீங்களாமே. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் அந்தக் கட்டைக் காட்டும். சாமி எங்கையத் தொட்டுக் கட்டுனாருன்னு.”

அன்று அந்த விரலுக்குக் கட்டே போட்டிருக்கக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, நேராக ஊசிக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும். அத்தனை ஆழமான வெட்டில் நான் மருந்தைத் தொட்டு ஒற்றி, இறுக்கி மூடி வைத்தேன். இதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்து, நல்லா இருக்கீங்களா சார் என்று கேட்கிறான். நல்லா இருக்கேன் என்கிறேன்.

இப்போது எனக்கு வேலையில்லை. ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்து வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் தளிகை உள்ளிலிருந்து மருமகள் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். இடது கை, ஆள்காட்டி விரல். ரத்தம் மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது. “அப்பா, கொஞ்சம் கட்டுப் போட்டு விடறேளா?” என்றாள். எதால என்று கேட்க வாயெடுத்தேன்.

“எதை நறுக்கறச்ச பட்டுது?” என்றேன்.

“வாழக்காப்பா. எதுக்கு இப்படிப் பதர்றேள்?”

கையைப் பிடித்து முற்றத்துக் குழாயடிக்கு இழுத்துப் போனேன். குழாயைத் திறந்து விரலைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டேன். ரத்தம் நின்றுவிட்டது, சோப்பு நுரையும் போய்விட்டது. “போறும்ப்பா, வெறும் வாழக்காதானே” என்று அவள் விரலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். நான் விடவில்லை. அந்தத் திங்கட்கிழமை காலையில் மருந்தகத்து வராந்தாக் குழாயிலும் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது.